கேமிங் லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ லேப்டாப் நிரம்பிவிட்டால் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அப்படிப் பலமுறை சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டாக ஒரு லேப்டாப்பை முன்னால் வைத்துக்கொள்கிறேன். என் அக்காள் மகனிடம் இருக்கும் ஏசர் நைட்ரோ 5, ஏஎன்515-57 மாடல். இன்டெல் 11ஆம் தலைமுறை ஐ5 பிராசஸர், 512 ஜிபி எஸ்எஸ்டியோடு (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்) வந்தது. அதில் இரண்டாவதாக ஒரு 1 டிபி எஸ்எஸ்டி மாட்டினோம். மற்ற நிறுவனங்களின் லேப்டாப்புகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்; மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். கைவேலை அரைமணி நேரம்தான். நான் பார்த்தவரை, தொல்லை வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் செய்யாமல் விட்டவற்றால்தான் வந்தது. அந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

எஸ்எஸ்டி மாட்டினால் கேம் வேகமாக ஓடுமா?

ஒரு நொடிக்கு வரும் ஃபிரேம்களின் எண்ணிக்கை அதிகரிக்காது. அது கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும் செய்கிற வேலை. ஏற்கெனவே எஸ்எஸ்டியில் ஓடிக்கொண்டிருக்கும் கேமை அதைவிட வேகமான எஸ்எஸ்டிக்கு மாற்றினால், லோடிங் திரையில் சில நொடிகள் மிச்சமாகலாம், அவ்வளவுதான்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறுபவர்களுக்குத்தான் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். பரந்த உலகத்தில் வண்டி ஓட்டிச் செல்லும் கேம்களில், சாலையும் கட்டடங்களும் போகப் போக டிஸ்க்கிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கால் அந்த வேகத்துக்குக் கொடுக்க முடியாதபோது படம் திக்கித் திக்கி நிற்கும். அந்தத் திக்கல் எஸ்எஸ்டியில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3, ஸ்டார்ஃபீல்ட் இரண்டுமே குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி வேண்டும் என்று போட்டிருந்தன. முன்னதற்கு 150 ஜிபி, பின்னதற்கு 125 ஜிபி இடம் வேண்டும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 512 ஜிபி எஸ்எஸ்டியை விண்டோஸ் 476 ஜிபி என்றுதான் காட்டும். அதில் விண்டோஸ், கல்லூரிப் பாடங்கள், புகைப்படங்கள் எல்லாம் போக இரண்டு பெரிய கேம் போட்டால் சிவப்புக் கோடு வந்துவிடும். ஆகவே பெரும்பாலோருக்கு உண்மையான தேவை இடம்தான், வேகம் அன்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கடையில் காசு வீணாகாது.

என் லேப்டாப்பில் இன்னொன்று மாட்ட இடம் இருக்கிறதா?

பல கேமிங் லேப்டாப்புகளில் இரண்டு எம்.2 ஸ்லாட் (அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருக்கும். ஆனால் "பல" என்பது "எல்லா" அன்று. ஒரே பெயரில் விற்கப்படும் வரிசைக்குள்ளேயே மாறுபடும். அசுஸ் டஃப் எஃப்எக்ஸ்506 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 48 வாட்-அவர் பேட்டரி உள்ளவற்றில் 2.5 அங்குல டிஸ்க்குக்கு இடம் இருக்கிறது. 90 வாட்-அவர் பேட்டரி உள்ளவற்றில் அந்த இடத்தைப் பேட்டரியே அடைத்துக்கொள்கிறது. சில லேப்டாப்புகளில் மதர்போர்டில் ஸ்லாட்டுக்கான இடம் அச்சிடப்பட்டிருக்கும், கனெக்டர் மட்டும் பொருத்தப்பட்டிருக்காது. திறந்து பார்த்து ஏமாறுவதைவிட முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் முழு மாடல் எண் இருக்கும். "நைட்ரோ 5" என்பது மட்டும் போதாது. ஏஎன்515-57 என்பது வரை வேண்டும். அந்த எண்ணோடு நிறுவனத்தின் சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். டெல், ஹெச்பி, லெனோவோ மூன்றும் கழற்றும் முறையைப் படத்தோடு பொதுவில் வைத்திருக்கின்றன. லெனோவோவுக்கு மாடல்வாரியாக ஸ்லாட் விவரம் தரும் தனி விவரப் பக்கங்களும் உண்டு. அதோடு அதே மாடல் எண்ணைத் திறந்து காட்டும் காணொளி ஒன்றையாவது முழுதாகப் பாருங்கள். எங்கள் நைட்ரோ 5இல் இரண்டு எம்.2 ஸ்லாட்டும், 2.5 அங்குல சாட்டா டிஸ்க்குக்கு ஓர் இடமும் இருந்தன.

எம்.2, என்விஎம்இ, சாட்டா என்று குழப்புகிறார்களே?

எம்.2 என்பது வடிவம். சூயிங்கம் பட்டை போன்ற மெல்லிய அட்டை. அதன் அளவு எண்ணிலேயே இருக்கிறது: 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். 2242, 2230 என்பவை அதே அகலத்தில் நீளம் குறைந்தவை. சாட்டா, என்விஎம்இ என்பவை அந்த அட்டை லேப்டாப்போடு பேசும் முறைகள். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பியோடு நின்றுவிடும். என்விஎம்இ எஸ்எஸ்டி பிசிஐஇ என்ற வேகமான பாதையில் போவதால், அதன் மூன்றாம் தலைமுறையான ஜென் 3இல் 3,500 எம்பி வரையும், ஜென் 4இல் 7,000 எம்பி வரையும் போகும்.

இரண்டும் எம்.2 வடிவத்தில் வருவதால்தான் குழப்பம். என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் எம்.2 சாட்டாவைச் செருகினால் அழகாக உட்காரும், ஆனால் வேலை செய்யாது. தங்க நிற முனையைப் பாருங்கள். இரண்டு வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா. வலப்பக்கம் ஒரே வெட்டு இருந்தால் என்விஎம்இ. கடைக்காரரிடம் "எம்.2 கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். "எம்.2 என்விஎம்இ, 2280" என்று முழுதாகக் கேளுங்கள்.

ஜென் 3 வாங்கவா, ஜென் 4 வாங்கவா?

முதலில் லேப்டாப் எதை ஏற்கும் என்று பாருங்கள். இன்டெல் 10ஆம் தலைமுறை ஹெச் வரிசை பிராசஸரும், ஏஎம்டியின் ரைசன் 5000 ஹெச் வரிசையும் ஜென் 3 மட்டுமே. இன்டெல் 11ஆம் தலைமுறை ஹெச் வரிசையில் பிராசஸரோடு நேராக இணைந்த ஸ்லாட் ஜென் 4 ஆக இருக்கலாம். சிப்செட் என்ற துணைச் சில்லு வழியாகப் போகும் ஸ்லாட் ஜென் 3. ரைசன் 6000 ஹெச்சிலிருந்து ஜென் 4 வந்துவிட்டது.

ஜென் 4 எஸ்எஸ்டியை ஜென் 3 ஸ்லாட்டில் மாட்டினால் கெட்டுப்போகாது. ஜென் 3 வேகத்தில் ஓடும். விலை ஏறக்குறைய ஒன்று என்றால் ஜென் 4 வாங்கி வையுங்கள், அடுத்த லேப்டாப்புக்கு உதவும். விலையில் பெரிய இடைவெளி இருந்தால் அந்தக் காசை 1 டிபிக்குப் பதில் 2 டிபி வாங்கப் போடுங்கள். ஜென் 5 லேப்டாப்பில் சூட்டைத்தான் கூட்டும். கேமுக்கு அது வேண்டியதில்லை.

வாங்கும்போது வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தை நம்பி வாங்காதீர்கள். அது காலியான எஸ்எஸ்டியில் முதல் சில ஜிபிக்கு மட்டும் கிடைக்கும் வேகம். உள்ளே இருக்கும் நினைவகம் டிஎல்சியா, க்யூஎல்சியா என்று கேளுங்கள். நினைவகத்தின் ஒரு சிற்றறையில் டிஎல்சி மூன்று பிட் வைக்கிறது, க்யூஎல்சி நான்கு. க்யூஎல்சி மலிவு. ஆனால் 100 ஜிபி கேமை ஒரே மூச்சில் நகலெடுக்கும்போது அதன் தற்காலிக வேகப்பகுதி நிரம்பிவிட்டால், எழுதும் வேகம் சரிந்து ஹார்ட் டிஸ்க் அளவுக்கே வந்துவிடும். கேமை வைத்து விளையாட மட்டும் என்றால் க்யூஎல்சி பரவாயில்லை. விண்டோஸும் அதிலேயே இருக்கப் போகிறது, வீடியோவும் எடிட் செய்வீர்கள் என்றால் டிஎல்சி வாங்குங்கள்.

டிபிடபிள்யூ என்று ஓர் எண் இருக்கும். வாரண்டிக் காலத்துக்குள் மொத்தம் எத்தனை டிபி எழுதலாம் என்பதற்கான நிறுவனத்தின் வாக்கு அது. நல்ல 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டிகளில் 600 என்பது வழக்கம். சில க்யூஎல்சிகளில் 220 அளவுக்குத்தான் இருக்கும். ஐந்து வருட வாரண்டியில் 600 என்றால் தினமும் 328 ஜிபி எழுதினாலும் தாங்க வேண்டும். வீட்டில் யாரும் அவ்வளவு எழுதுவதில்லை. ஆகவே "எழுதி எழுதித் தேய்ந்துவிடும்" என்ற பயத்தை விட்டுவிடலாம்.

டெஸ்க்டாப்புக்கான, சூட்டைத் தணிக்கும் தடித்த அலுமினிய ஹீட்சிங்க் ஒட்டி வரும் வகையை வாங்கவே வாங்காதீர்கள். லேப்டாப் மூடி மூடாது. சில்லுகள் இரண்டு பக்கமும் இருக்கும் எஸ்எஸ்டி மெல்லிய லேப்டாப்பில் அடியில் இடிக்கலாம், ஒரு பக்கம் மட்டும் இருப்பது பாதுகாப்பு. பெயர் தெரியாத நிறுவனத்தின் 16 டிபி எஸ்எஸ்டி மூவாயிரம் ரூபாய்க்கு என்று இணையத்தில் வந்தால் அது போலி. உள்ளே 64 ஜிபி வைத்துவிட்டு 16 டிபி என்று விண்டோஸிடம் பொய் சொல்லும். அதற்கு மேல் எழுதும் கோப்புகள் காணாமல் போகும்.

திறந்தால் வாரண்டி போய்விடுமா?

பல நிறுவனங்கள் ராமும் எஸ்எஸ்டியும் மாற்றுவதை அனுமதிக்கின்றன; வேலையின்போது எதையாவது உடைத்தால் அந்தச் சேதத்துக்கு மட்டும் பொறுப்பேற்காது. ஆனால் ஸ்க்ரூவின் மேல் சீல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நிலைமை வேறு. வாடிக்கையாளர் சேவைக்கு மாடல் எண்ணோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ஒருவர் சொன்னார் என்பது பின்னால் செல்லாது.

திறப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பதில்தான் முக்கியம்.

முதலில் பேக்கப். இரண்டாவது எஸ்எஸ்டிதானே மாட்டப் போகிறோம், பழையதைத் தொடவில்லையே என்று தோன்றும். ஆனாலும் கை வழுக்கும், டிஸ்க்குகளைத் தயார்செய்யும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் வேளையும் வரும். இழந்தால் அழுவோம் என்று நினைக்கும் கோப்புகள் வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

அடுத்து பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) சாவி. விண்டோஸ் 11 ஹோமில்கூட, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டிருக்கலாம். உரிமையாளருக்கே அது தெரியாது. பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள்) எதையாவது மாற்றினால் அடுத்த முறை நீலத் திரை வந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கும். ஒரு கல்லூரி மாணவி புதிய எஸ்எஸ்டியைத் தானே சரியாக மாட்டிவிட்டு, இந்தத் திரையைப் பார்த்து லேப்டாப் போய்விட்டது என்று இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தாள். சாவி அவளுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயேதான் இருந்தது. கணக்கின் கடவுச்சொல்தான் நினைவில்லை. முந்தைய நாளே அந்தச் சாவியைக் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். 48 இலக்கத்தையும் எழுதியபின் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, லேப்டாப்பை முழுதாக அணைப்பது. விண்டோஸின் சாதாரண ஷட் டவுன் பாதித் தூக்கம் போன்றது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்கினால் முழுதாக அணையும். சார்ஜர், மவுஸ், பென் டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். ஒரு மணி நேரம் கேம் விளையாடிய சூட்டோடு திறக்காதீர்கள், ஆறட்டும்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

பிஹெச்0 அளவு நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, காந்த முனையோடு இருந்தால் நல்லது. மூடியை நெம்ப பிளாஸ்டிக் பட்டை. கிட்டார் வாசிக்கும் பிக் அல்லது பழைய ஏடிஎம் கார்டு போதும். இரும்பு நெம்பி வேண்டாம், மூடியின் ஓரம் கடித்துக் குதறினாற்போல் ஆகிவிடும். எஸ்எஸ்டியைப் பிடிக்கும் குட்டி ஸ்க்ரூ எம்2 அளவு, ஏறத்தாழ 3 மிமீ நீளம். எஸ்எஸ்டி பெட்டியில் அது பெரும்பாலும் வராது. காலி ஸ்லாட்டின் அருகிலேயே மாட்டி வைத்திருக்கிறார்களா என்று காணொளியில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முன்பே வாங்கி வையுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அது. ஞாயிறு இரவு பத்து மணிக்கு எங்கும் கிடைக்காது.

அடி மூடியை எப்படித் திறப்பது?

மேசையில் மெத்தென்ற பருத்தித் துணியை விரித்து, லேப்டாப்பைத் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றிய கையோடு, தாளில் அதே இடத்தில் செல்லோடேப்பால் ஒட்டிவிடுங்கள். வீண் வேலைபோலத் தோன்றும், அன்று. ஒரு லேப்டாப்பில் கீல் பக்க ஸ்க்ரூக்கள் நீளமாகவும் முன்பக்க ஸ்க்ரூக்கள் குட்டையாகவும் இருந்தன. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு, நீள ஸ்க்ரூவை முன்பக்கத் துளையில் ஏற்றினேன். கை வைக்கும் தட்டின் மேல் சிறு பரு போலப் புடைத்துக்கொண்டது. அந்தப் புடைப்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து தாள் இல்லாமல் திறப்பதில்லை.

ரப்பர் கால்களின் அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கலாம். சில மாடல்களில் ஒரு மூலை ஸ்க்ரூ முழுதாக வெளியே வராது. அதைத் தளர்த்தினாலே மூடி அந்த மூலையில் சற்றுத் தூக்கிக்கொடுக்கும். அங்கிருந்து தொடங்குங்கள்.

எல்லா ஸ்க்ரூவும் போனபின்னும் மூடி வராது, ஏனென்றால் உள்ளே சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கிகள் பிடித்திருக்கும். பிளாஸ்டிக் பட்டையை மூடிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள கோட்டில் நுழைத்து, ஆழமாகக் குத்தாமல், ஓரமாக நகர்த்திக்கொண்டே போங்கள். ஒவ்வொரு கொக்கியும் "டக்" என்று விடும். முதல்முறை கேட்கும்போது எதையோ உடைத்துவிட்டோம் என்று நெஞ்சு பதறும். உடையவில்லை, அந்தச் சத்தம்தான் வர வேண்டும். சார்ஜர், யூஎஸ்பி துளைகள் இருக்கும் பக்கம் வளைந்து கொடுக்காது. கீல் பக்கம் கடைசியாக வரட்டும். எங்கேயாவது ஒரே இடத்தில் பிடிவாதமாக நின்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். நிச்சயம் ஒரு ஸ்க்ரூ மிச்சமிருக்கிறது.

மூடியை எடுத்ததும் சட்டென்று தூரப் பிரிக்க வேண்டாம். சில லேப்டாப்புகளில் விளக்குப் பட்டைக்கான ரிப்பன் கேபிள் மூடியோடு இணைந்திருக்கும். ஒரு கையளவு தூக்கி எட்டிப் பாருங்கள்.

பேட்டரியைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

ஆம். பேட்டரியையே வெளியே எடுக்க வேண்டாம். மதர்போர்டுக்கு வரும் அதன் கனெக்டரை விடுவித்தால் போதும். லேப்டாப் அணைந்திருந்தாலும் மதர்போர்டில் மின்சாரம் இருக்கும். ஒரு ஸ்க்ரூ தவறி விழுந்தாலே மதர்போர்டு கெட்டுவிடலாம். கனெக்டர் பக்கவாட்டில் வழுக்கி வருகிறதா, மேலே தூக்க வேண்டுமா என்பதைக் காணொளியில் பார்த்து வையுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் முனையை நகத்தால் இருபுறமும் மாறி மாறித் தள்ளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு சர்வீஸ் மையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

நிலைமின்சாரத்தால் எஸ்எஸ்டி கெடுமா?

கெடலாம், ஆனால் அதற்காகக் கைப்பட்டை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. கம்பளத்தின் மேல் உட்கார்ந்து செய்யாதீர்கள். எஸ்எஸ்டியை உறையிலிருந்து எடுக்கும் முன் தண்ணீர்க் குழாய் போன்ற தரையோடு தொடர்புள்ள ஓர் இரும்புப் பொருளைத் தொடுங்கள். எஸ்எஸ்டியின் ஓரங்களை மட்டும் பிடியுங்கள், தங்க முனையில் விரல் படக் கூடாது.

எஸ்எஸ்டியை எப்படிச் செருகுவது?

ஸ்லாட்டின் எதிர்முனையில் இருக்கும் குட்டி ஸ்க்ரூவை முதலில் கழற்றி வையுங்கள். எஸ்எஸ்டியின் வெட்டும் ஸ்லாட்டின் உள்ளிருக்கும் மேடும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் பிடித்து உள்ளே தள்ளுங்கள். தங்கப் பற்கள் பெரும்பகுதி மறைந்து, மெல்லிய கோடு மட்டும் தெரியும் நிலையில் நின்றுவிடும். கையை எடுத்தால் எஸ்எஸ்டி சாய்ந்தபடியே தானாக நிற்கும். அப்படி நின்றால் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். பிறகு மறுமுனையை விரலால் மெல்லக் கீழே அமுக்கினால் மேல்நோக்கி எதிர்க்கும். அமுக்கியபடியே ஸ்க்ரூவைப் போட்டு, எதிர்ப்பு வந்ததும் நிறுத்துங்கள். இந்த ஸ்க்ரூவை இறுக்கி முறுக்கினால் தலை தேய்ந்துவிடும், மறுபடி கழற்ற முடியாது.

அக்காள் மகன் முதல்முறை செருகியபோது ஒரு பக்கம் கொஞ்சம் வெளியே இருந்தது. கோணலாகவே ஸ்க்ரூ போட்டுவிட்டான். லேப்டாப் கிளம்பியது, எஸ்எஸ்டி மட்டும் தெரியவில்லை. பேட்டரி கனெக்டரை மறுபடி எடுத்து, அதை வெளியே இழுத்து நேராகச் செருகியதும் வந்துவிட்டது.

ஹீட்சிங்க், தெர்மல் பேட் போட வேண்டுமா?

லேப்டாப்போடு வந்த உலோகத் தகடோ சூட்டைக் கடத்தும் மெத்தென்ற தெர்மல் பேடோ அந்த ஸ்லாட்டுக்கு இருந்தால் கண்டிப்பாகத் திரும்பப் போடுங்கள். பேடின் மேலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்க வேண்டாம். ஒன்றும் இல்லையென்றால் முதலில் சும்மா ஓட்டிப் பாருங்கள். கேம் ஓடும்போது எஸ்எஸ்டி 70 டிகிரிக்குள் இருந்தால் கவலை வேண்டாம். 80ஐ நெருங்குகிறது என்றால், எஸ்எஸ்டிக்கும் மூடிக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு ஏற்ற தடிமனில் ஒரு தெர்மல் பேட் ஒட்டலாம். எஸ்எஸ்டியின் மேலிருக்கும் ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். அதன் வாரண்டி எண் அதில்தான் இருக்கிறது.

மாட்டிவிட்டேன், ஆனால் விண்டோஸில் புதிய டிரைவ் வரவில்லையே?

முதலில் ஒரு சிறு செய்தி: பேட்டரியைப் பிரித்துச் சேர்த்தபின் சில லேப்டாப்புகள் சார்ஜர் செருகினால்தான் எழுந்திருக்கும். பவர் பட்டனை அழுத்தியும் இருட்டாக இருந்தால் பயப்படாமல் சார்ஜரைச் செருகுங்கள்.

புதிய எஸ்எஸ்டி வெறும் காலி நிலம். ஸ்டார்ட் பட்டனில் வலது சொடுக்குப் போட்டு டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், டிஸ்க்கைத் தயார்செய்யவா என்று கேட்கும். ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கறுப்புப் பட்டையில் வலது சொடுக்குப் போட்டு, நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ், ஒரு பெயர். முடிந்தது. அளவைப் பார்த்துச் சரியான டிஸ்க்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 1 டிபி எஸ்எஸ்டி 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, நிறுவனம் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1,024இன் மடங்கிலும் எண்ணுகின்றன.

பயாஸிலேயே தெரியவில்லை என்றால்?

ஏசர், அசுஸ், டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, எம்எஸ்ஐயில் டெலீட் விசை பயாஸைத் திறக்கும். அங்கேயும் இல்லையென்றால் காரணங்கள் சிலவே: சரியாக உட்காரவில்லை, சாட்டா வகையை என்விஎம்இ ஸ்லாட்டில் மாட்டியிருக்கிறீர்கள், அல்லது எஸ்எஸ்டியே பழுது. எடுத்து மறுபடி செருகுங்கள். முடிந்தால் அடுத்த ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் தெரியாவிட்டால் கடையில் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஒரே ஸ்லாட்தான் இருக்கிறது. பழைய விண்டோஸை அப்படியே மாற்ற முடியுமா?

முடியும். புதிய எஸ்எஸ்டியை யூஎஸ்பி என்விஎம்இ உறை ஒன்றில் போட்டு லேப்டாப்பில் செருகி, பழையதை அச்சு மாறாமல் நகலெடுக்கலாம். சாம்சங் போன்ற சில நிறுவனங்கள் தங்கள் எஸ்எஸ்டி வாங்குபவர்களுக்கு இலவச மென்பொருள் தருகின்றன. குளோன்ஜில்லா யாருக்கும் இலவசம். நகலெடுக்கும் முன் பிட்லாக்கரை அணைத்து, டிஸ்க் முழுதும் பூட்டு அவிழும்வரை காத்திருங்கள். நகல் முடிந்ததும் லேப்டாப்பை அணைத்து, இரண்டையும் இடம் மாற்றுங்கள். பழையதை யூஎஸ்பியில் செருகியபடியே முதல்முறை கிளப்பாதீர்கள்.

லேப்டாப் மூன்று வருடமாகக் குப்பை சேர்த்துக்கொண்டிருக்கிறது என்றால் புதிதாக விண்டோஸ் போடுவதையே நான் விரும்புவேன். 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் கருவியைக் கொண்டு தயார் செய்யலாம். உரிமம் மதர்போர்டோடு இணைந்தது, எஸ்எஸ்டியோடு அன்று. இணையத்தில் இணைந்ததும் தானாகச் செயல்படும். வைஃபை டிரைவரை (வைஃபையை இயக்கும் சிறு மென்பொருள்) அதே பென் டிரைவில் போட்டு வையுங்கள். விண்டோஸ் 11 அமைக்கும்போது இணையம் கேட்கும், வைஃபையோ சில லேப்டாப்புகளில் வேலை செய்யாது. அந்த இடத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு ஸ்லாட் உள்ளவர்கள் புதியதில் விண்டோஸ் போடும்போது பழையதைக் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் கிளப்பும் பகுதி மட்டும் பழையதில் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் பழையதை எடுத்த அன்று லேப்டாப் எழுந்திருக்காது.

விண்டோஸ் போடும்போது டிஸ்க்கே இல்லை என்கிறது, ஏன்?

இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்புகளில் விஎம்டி என்ற அமைப்பு எஸ்எஸ்டிக்கு முன்னால் நிற்கிறது. விண்டோஸ் நிறுவும் மென்பொருளுக்கு அதன் டிரைவர் தெரியாவிட்டால் டிஸ்க் கண்ணில் படாது. லேப்டாப் நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, சுருக்கம் பிரித்து, பென் டிரைவில் ஒரு கோப்புறையாக வையுங்கள். டிஸ்க் தேர்வுத் திரையில் லோட் டிரைவரை அழுத்தி அதைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும்.

இன்னொரு வழி பயாஸில் விஎம்டியையே அணைப்பது. எங்கள் நைட்ரோ 5இல் அந்தத் தேர்வு வெளியே தெரியாது. பயாஸின் மெயின் பக்கத்தில் கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் வெளிப்படும். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் இருக்கும்போது விஎம்டியை அணைத்தால் அது நீலத் திரையோடு நின்றுவிடும். முற்றிலும் புதிதாகப் போடுபவர்கள் மட்டும் தொடுங்கள்.

கேம்களை மறுபடி இறக்க வேண்டுமா?

வேண்டாம். ஸ்டீமில் செட்டிங்ஸுக்குள் ஸ்டோரேஜ் பகுதியில் புதிய டிரைவைச் சேர்த்து, கேமைத் தேர்ந்து நகர்த்தச் சொன்னால் போதும். விண்டோஸில் கோப்புறையை நீங்களே வெட்டி ஒட்டாதீர்கள்.

பிறகு பராமரிப்பு ஏதாவது?

அதிகமில்லை. டீஃபிராக் செய்யும் தனி மென்பொருள் எதுவும் போடாதீர்கள். விண்டோஸ் வாரம் ஒருமுறை ட்ரிம் என்ற துப்புரவைத் தானே செய்கிறது. பத்து, பதினைந்து சதவீத இடம் எப்போதும் காலியாக இருக்கட்டும். கிறிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் சூட்டையும் மிச்சமிருக்கும் ஆயுளையும் காட்டும். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

கழற்றிய பழைய எஸ்எஸ்டியை என்ன செய்வது?

யூஎஸ்பி உறையில் போட்டால் நல்ல வெளி டிரைவ். ஆனால் முக்கியமான புகைப்படங்களை அதில் மட்டும் வைத்து, அலமாரியில் வருடக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். மின்சாரமே காணாத எஸ்எஸ்டி மெல்ல மெல்லத் தகவலை இழக்கும். விற்பதானால் சாதாரண ஃபார்மட் போதாது, அழித்த கோப்புகளை மீட்கும் மென்பொருள் யாரிடமும் இருக்கும். எஸ்எஸ்டி நிறுவனத்தின் மென்பொருளில் செக்யூர் இரேஸ் இருக்கும், அதைக் கொண்டு அழியுங்கள். குறைந்தது ஒரு மாதம் புதியது சரியாக ஓடுவதைப் பார்த்த பிறகு செய்யுங்கள். அதுவரை பழையது மேசை இழுப்பறையில், அதன் உறைக்குள், தேதி எழுதிய ஒரு துண்டுத் தாளோடு இருக்கட்டும்.